நான்கு ரெக்ரஷன், ஒரே அட்டவணை

2024 ஜூலை 8, திங்கள்

மூன்றாம் இயலின் வரைவு வந்துவிட்டது. மேசையில் வைக்கும்போதே, "டேபிள்தான் கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு சார்" என்று ஆய்வு மாணவி முந்திக்கொண்டாள். கொஞ்சமா! பாதி இயல் அட்டவணைதான். ஒவ்வொரு ரெக்ரஷனையும் ஓட்டி, ஸ்டேட்டா திரையில் விழுந்ததை அப்படியே படமெடுத்து வேர்டில் ஒட்டியிருக்கிறாள். வர்க்கங்களின் கூடுதல், எஃப் மதிப்பு, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி என்று மென்பொருள் துப்பியது எல்லாம் இருக்கிறது. நிலத்தின் கெழு முதல் மாதிரியில் எவ்வளவு, கல்வியைச் சேர்த்ததும் எவ்வளவு ஆயிற்று என்பதுதான் இயலின் கேள்வியே. அதைத் தெரிந்துகொள்ள ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. தேர்வாளர் அவ்வளவு சிரமப்பட மாட்டார். தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

மாதிரிக்கு ஒரு நெடுவரிசை, மாறிக்கு ஒரு கிடைவரிசை. கெழு மேலே, அதன் கீழே அடைப்புக்குறிக்குள் திட்டப்பிழை, அடியில் எத்தனை பதிவுகள் என்பதும் ஆர்-ஸ்கொயரும். பொருளாதார இதழ்களில் இதுதான் வழக்கம். சொன்னதும், "நைட்டே டைப் பண்ணிடறேன் சார்" என்றாள். கையால் மட்டும் அடிக்காதே என்றேன். நாளை மதியம் லேபில் உட்காருவதாகப் பேச்சு.

ஜூலை 9, செவ்வாய்

அவளுடைய தரவைத் தொடாமல், ஸ்டேட்டாவோடு கூடவே வரும் கார் தரவை எடுத்துக்கொண்டோம். 'சிஸ்யூஸ் ஆட்டோ' என்று அடித்தால் வந்துவிடும். 1978இல் அமெரிக்கச் சந்தையில் இருந்த 74 கார்கள்: 52 உள்நாட்டுத் தயாரிப்பு, 22 வெளிநாட்டுத் தயாரிப்பு. 1,760 பவுண்டு ஹோண்டா சிவிக்கும் இருக்கிறது, 4,840 பவுண்டு லிங்கன் கான்டினென்டலும் இருக்கிறது. ஸ்டேட்டா கற்றவர்களில் இந்தக் கார்களை ஓட்டாமல் வந்தவர் அபூர்வம்.

முதலில் வெறும் சராசரி. உள்நாட்டுக் கார் 6,072 டாலர், வெளிநாட்டுக் கார் 6,385 டாலர். வித்தியாசம் 312தான். புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. "அப்போ ஃபாரின் காருக்குத் தனி விலை கிடையாதா சார்?" என்று கேட்டாள். பொறு என்றேன்.

விலையை மைலேஜை மட்டும் வைத்து ஓட்டினோம். கெழு −238.9, திட்டப்பிழை 53.1. ஒரு கேலனுக்கு ஒரு மைல் கூடக் கொடுக்கிற கார் ஏறக்குறைய 239 டாலர் மலிவு! மைலேஜ் கேட்டே வண்டி வாங்குகிற ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு இது தலைகீழாகப் பட்டது. கனமான கார்தான் விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம் குடிக்கும் என்பது அவளுக்கே உறைத்தது. சரி, எடையைச் சேர். மைலேஜின் கெழு −49.5க்குச் சுருங்கியது, டி மதிப்பு −0.57. அடுத்து, வெளிநாடா உள்நாடா என்ற மாறியையும் சேர்த்தோம். மைலேஜ் இப்போது +21.9, டி மதிப்பு 0.29. ஆக, மைலேஜுக்கென்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. எடையின் கெழுவோ 1.75இலிருந்து 3.46க்கு ஏறிவிட்டது. வெளிநாட்டுக் காரின் கெழு 3,673 டாலர், டி மதிப்பு 5.37. சராசரியில் 312 என்று பதுங்கியிருந்தது, ஒரே எடையும் ஒரே மைலேஜும் உள்ள கார்களை ஒப்பிட்டதும் 3,673 ஆகிவிட்டது. வெளிநாட்டுக் கார்கள் எடை குறைந்தவை. அந்த எடைக்கு மலிவாக இருந்திருக்க வேண்டும், இல்லை. ஆர்-ஸ்கொயர் 0.22, 0.29, 0.50 என்று ஏறியது.

இதைத் தனித்தனித் திரையில் பார்த்தபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அருகருகே நிறுத்தியதும்தான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

நிறுத்தும் வேலை சுலபம். எஸ்டவுட் என்ற தொகுப்பை எஸ்எஸ்சி களஞ்சியத்திலிருந்து ஒருமுறை இறக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ரெக்ரஷன் கட்டளைக்கும் முன்னால் 'எஸ்ட்ஸ்டோ' என்று போட்டால் முடிவு நினைவகத்தில் சேமிக்கப்படும். எல்லாம் ஓடி முடிந்ததும் 'எஸ்ட்டேப்' என்று ஒரே வரி, அட்டவணை தயார். தொடங்குமுன் 'எஸ்ட்ஸ்டோ கிளியர்' போட மறந்தால் பழைய மாதிரிகளும் வந்து வரிசையில் நிற்கும். இதை எழுதியவர் பென் யான் என்ற சமூகவியலாளர். 2005இலும் 2007இலும் ஸ்டேட்டா ஜர்னலில் இதைப் பற்றி எழுதினார். ஸ்டேட்டா நிறுவனமே 2021இல் பதினேழாம் பதிப்பில் 'ஈடேபிள்' என்று சொந்தக் கட்டளை கொண்டுவந்தது. பழகின கைக்கு இன்னமும் எஸ்ட்டேப்தான் வருகிறது.

மாலை நல்ல மழை. லேப் உதவியாளர் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.

ஜூலை 11, வியாழன்

விடுதியில் மாணவியின் தோழி ஆர் மென்பொருள்காரி. அதே மாதிரிகளை ஸ்டார்கேஸர் தொகுப்பில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இரண்டு தாளையும் ஏந்திக்கொண்டு மாணவி காலையிலேயே வந்துவிட்டாள்: "இரண்டாவது மாதிரியில எடைக்கு ஸ்டேட்டால ரெண்டு ஸ்டார், ஆர்ல மூணு ஸ்டார் சார். அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற நம்பரே வேற. எது தப்பு?"

இரண்டும் சரி. பி மதிப்பு 0.008தான், இரண்டிலும் மாறவில்லை. எஸ்ட்டேப் தானாகப் போடும் நட்சத்திரங்களுக்கு எல்லைகள் 0.05, 0.01, 0.001. ஸ்டார்கேஸருக்கு 0.1, 0.05, 0.01. அதனால் இங்கே இரண்டு, அங்கே மூன்று. அடைப்புக்குறிக்குள் எஸ்ட்டேப் வைப்பது டி மதிப்பு, 2.72. ஸ்டார்கேஸர் வைப்பது திட்டப்பிழை, 0.641. எஸ்ட்டேப்பிலும் 'எஸ்இ' என்று கேட்டால் திட்டப்பிழை வரும், நட்சத்திர எல்லைகளையும் நாமே கொடுக்கலாம். என்ன வைத்தோம் என்று அட்டவணையின் அடியில் ஒரு வரி எழுதாவிட்டால் படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். ஊகிக்க வைக்கிற அட்டவணையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நட்சத்திரமே வேண்டாம் என்பது என் கட்சி. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் தன் இதழ்களுக்கு எழுதுவோரிடம் அதைத்தான் கேட்கிறது: நட்சத்திரம் போடாதீர்கள், திட்டப்பிழையைக் கொடுங்கள். 0.049க்கு ஒரு நட்சத்திரம், 0.051க்கு ஒன்றுமில்லை என்பதில் என்ன அறிவு இருக்கிறது? ஆனால் நட்சத்திரம் இல்லாத அட்டவணையைக் கண்டால் ஆய்வுக் குழுவில் சிலருக்குக் கை கால் ஓடாது. போட்டுக்கொள், எல்லைகளை எழுதிவிடு என்று சமரசம் செய்தேன்.

இன்னொரு விஷயமும் இன்று கிளம்பியது. வேறொரு மாணவன் எண்களை எக்ஸெலில் அடித்து வைத்திருந்தான். திட்டப்பிழைகள் அத்தனையும் கழித்தல் குறியோடு நின்றன. திட்டப்பிழை எங்காவது எதிர்மறையாக இருக்குமா? கணக்கியல் வழக்கப்படி (0.641) என்று அடித்தால் எக்ஸெல் அதை −0.641 என்று எடுத்துக்கொள்ளும். எஸ்ட்டேப் சிஎஸ்வி கோப்பாக எழுதும்போது இதைத் தெரிந்துதான் ஒவ்வொரு எண்ணையும் சமக்குறியும் மேற்கோள் குறியும் போட்டுப் பொதிந்து அனுப்புகிறது. கையால் அடிக்கிறவனுக்கு அந்தக் காவல் கிடையாது.

ஜூலை 12, வெள்ளி

கார்களின் பழுது வரலாற்று மாறியை நான்காவது மாதிரியில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தாள். அட்டவணையின் கடைசி வரியில் 74, 74, 74, 69. ஐந்து கார்களுக்கு அந்தத் தகவல் இல்லை, ஸ்டேட்டா சத்தமில்லாமல் அவற்றை விட்டுவிட்டது. கெழு மாறினால் அது புது மாறியால் மாறியதா, ஐந்து கார் போனதால் மாறியதா? இதற்காகத்தான் பதிவுகளின் எண்ணிக்கையை அட்டவணையில் வைக்கிறோம், அலங்காரத்துக்கு அல்ல. எல்லா மாறிகளும் உள்ள மாதிரியை முதலில் ஓட்டி, 'இ(சாம்பிள்)' கொண்டு அதில் இடம்பெற்ற பதிவுகளைக் குறித்துவைத்து, எல்லா மாதிரிகளையும் அந்த 69இலேயே ஓட்டிவிட்டால் ஒப்பீடு நேர்மையாகும். அவளுடைய தரவில் வீட்டு வருமானம் சொல்லாதவர்கள் நிறையப் பேர். அங்கே இது ஐந்தோடு நிற்காது.

ஜூலை 14, ஞாயிறு

வீட்டில் ஓய்வு என்று பெயர். செவ்வாய்க்கிழமை வகுப்புக்காக ரைன்ஹார்ட், ரோகாஃப் விவகாரத்தைத் திரும்பப் புரட்டினேன். நாட்டின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்ற 2010 கட்டுரை. அதன் கணக்குத்தாளை வாங்கிப் பார்த்த மாசச்சூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், சராசரி எடுக்கும் எக்ஸெல் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டதைக் கண்டார். மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் இருவரோடும் சேர்ந்து 2013இல் வெளியிட்டார். சில தரவுகள் விடுபட்டது, நாடுகளுக்கு எடை கொடுத்த முறை ஆகியவற்றையும் சரிசெய்தபோது −0.1 சதவீத வளர்ச்சி 2.2 சதவீதமாயிற்று. எக்ஸெல் பிழை அதில் சிறிய பங்குதான், ஆனாலும் உலகம் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். கட்டளைகளை எழுதி ஓட்டியிருந்தால் எந்த வரியில் யார் விடுபட்டார்கள் என்பது எழுத்தில் இருந்திருக்கும்.

வெஸ்ட்ரைக், கிரீன்லாண்ட் இருவரும் 2013இல் எழுதிய 'இரண்டாம் அட்டவணைப் பிழை' கட்டுரையையும் மாணவிக்கு அனுப்பினேன். அட்டவணையில் ஏறிவிட்ட ஒவ்வொரு கெழுவையும் காரண விளைவாகப் படித்துவிடும் பழக்கத்தைத்தான் கண்டிக்கிறார்கள். கட்டுப்பாட்டுக்காகச் சேர்த்த மாறியின் கெழுவுக்கு நாம் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பல நேரம் சொல்லவும் முடியாது.

ஜூலை 16, செவ்வாய்

புதிய இயல் வந்தது. ஒரே பக்கத்தில் ஒரே அட்டவணை. மாறிகளுக்கு ஸ்டேட்டாவின் சுருக்கப் பெயர்கள் போய் நல்ல பெயர்கள் வந்திருக்கின்றன. 'லேபிள்' போட்டிருக்கிறாள். மாவட்ட மாறிகளை வரிசையாக நிறுத்தாமல், 'மாவட்டக் கட்டுப்பாடு: உண்டு' என்று ஒற்றை வரியில் அடக்கியிருக்கிறாள். ஆர்டிஎஃப் கோப்பாக நேரே வேர்டில் திறக்கிறது. தரவில் ஒரு திருத்தம் என்றால் கட்டளைகளை எழுதிவைத்த டூ-ஃபைலை மறுபடி ஓட்டினால் போதும், 'ரிப்ளேஸ்' இருப்பதால் பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் திருத்தச் சொன்னேன். கடைசி நெடுவரிசை லாஜிட், கடன் கிடைத்ததா இல்லையா என்பது. அதன் கெழுவைப் பக்கத்திலுள்ள சாதாரண ரெக்ரஷன் கெழுவோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருக்கிறாள். அளவுகோலே வேறு. 'மார்ஜின்ஸ்' கட்டளையில் விளிம்பு விளைவுகளை எடுத்து, 'போஸ்ட்' கொடுத்து, பிறகு எஸ்ட்ஸ்டோ செய்தால்தான் நிகழ்தகவுக் கணக்கில் பக்கத்தில் நிறுத்தலாம். "நாளைக்கு மொகரம் லீவு சார், வியாழக்கிழமை தந்துடறேன்" என்றாள்.

மற்றபடி இயல் தேறிவிட்டது. குறுக்கே ஒரு வரி படித்தாலே நிலத்தின் கெழு கல்வி வந்ததும் பாதிக்கு மேல் கரைவது தெரிகிறது, அதைப் பற்றி எழுதியிருந்த நீண்ட பத்தியை அவளே வெட்டிவிட்டாள். டூ-ஃபைலை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் வரும் எல்லா ஆய்வேட்டுக்கும் இனி இதுதான் நிபந்தனை.