மெஷின் வாசிக்குது, சித்தப்பா!

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு ஆபீஸ்களில் இரண்டே கட்சிகள்தான். நீங்கள் நினைக்கிற இரண்டு இல்லை சார்... ராஜா கட்சி, ரஹ்மான் கட்சி! டிபன் பாக்ஸ் மூடி திறந்ததும் சட்டசபை கூடிவிடும். குன்னூரில் நான் குமாஸ்தாவாக இருந்த தேயிலை கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்‌ஷன் முழுக்க ராஜா. அக்கவுண்ட்ஸில் கல்யாணமாகாத நாங்கள் நாலு பேரும் ரஹ்மான். குளிருக்கு எல்லோர் கையும் ஸ்வெட்டருக்குள் இருந்ததால்தான் கைகலப்பு தவிர்க்கப்பட்டது.

ஆபீஸ் சண்டை விளையாட்டு. வீட்டில் நடந்தது நிஜம்.

என் சித்தப்பா பகலில் டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதுவார். ராத்திரி மெல்லிசைக் குழுவில் வயலின். எண்பதுகளில் பன்னிரண்டு பேர் ஒரே வேனில் நெருக்கிக்கொண்டு போவார்கள். தந்தி மாரியம்மன் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், எஸ்டேட் ஆண்டு விழா என்று கச்சேரி இருந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒரு கீபோர்டு வந்தது. அதில் ஒரு பட்டனைத் தட்டினால் வயலின், இன்னொன்றைத் தட்டினால் புல்லாங்குழல். பன்னிரண்டு பேர் ஐந்து பேரானார்கள். முதலில் இறக்கிவிடப்பட்டது வயலின்.

சித்தப்பாவுக்கு எந்த மனிதர் மேலும் கோபமில்லை. ஸ்டாண்டில் நிற்கும் அந்தக் கறுப்புப் பெட்டி மேல்தான். "மெஷின் வாசிக்குதுடா. அப்புறம் மனுஷன் எதுக்கு?" என்பார். ரஹ்மான் கட்சிக்காரனான எனக்குப் பதில் தெரியாது. தேட ஆரம்பித்தேன்.

முதலில் தெரிந்தது, அதே கறுப்புப் பெட்டிதான் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கிறது என்பது. மலையாள சினிமா இசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் 1976-ல் காலமானபோது பையனுக்கு வயது 9. பெயர் திலீப்குமார். அப்பா விட்டுப்போன இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் வீடு ஓடியது. பையன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ரெக்கார்டிங் தியேட்டர்களில் கீபோர்டு வாசிக்கப் போனான். இளையராஜா குழுவிலும் வாசித்தான். (டெஸ்பாட்ச் செக்‌ஷன் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.)

நாம் மறந்துபோன இன்னொரு சங்கதி. அவர் ராக்காரர்! சிவமணி, ஜான் ஆன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் இவர்களோடு 'ரூட்ஸ்' குழு. 'நெமிசிஸ் அவென்யூ' என்று ஒரு ராக் பேண்டும் உண்டு. வயிற்றுப்பாட்டுக்கு விளம்பர இசை. லியோ காபி விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு காபி விளம்பரத்தைப் புகழ்வது தேசத் துரோகம்தான், மன்னிக்கவும்.

விளம்பரத்தில் வந்த காசை என்ன செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்தாற்போல் ஒரு ஸ்டுடியோ கட்டினார். 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்'. கையில் ஒரு சினிமா கூட இல்லாதபோது!

அந்த ரூம் ஏன் முக்கியம்? அதுவரை சினிமாப் பாட்டென்றால் ஒரே ஹாலில் ஐம்பது பேர் உட்கார்ந்து ஒன்றாக வாசிப்பார்கள். ஒருத்தர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. மணி ஆனால் கால்ஷீட் முடிந்துவிடும். அதில் ஜெயிப்பது மகா வித்தை, ராஜா அதில் ராஜா. ரஹ்மான் வேறு வழியில் போனார். ஒவ்வொருவராக வரச்சொல்லித் தனித்தனியாகப் பதிவு செய்தார். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். பிடிக்காததை எடுத்தார். ராத்திரி முழுக்க நேரம் இருந்தது, ஏனென்றால் ஸ்டுடியோ சொந்தம். பாடினவர்களே முழுப் பாட்டையும் கேசட் வந்த பிறகுதான் கேட்டார்கள்.

எங்கள் மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை இப்படித்தான் ஏறும். தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை. எஞ்சினின் பல் சக்கரம் ஒவ்வொரு பல்லாகக் கவ்விக்கொண்டு ஏறும். சைக்கிள்காரன் கூடச் சிரிப்பான். ஆனால் வழுக்காது.

1992-ல் 'ரோஜா'. சம்பளம் 25,000 ரூபாய். விளம்பரத்தில் சில நாட்களில் வந்துவிடுகிற காசு அது! முதல் படத்துக்கே தேசிய விருது. 1998-ல் அதே மணிரத்னத்துக்காக 'உயிரே'. 'தையா தையா' எங்கள் மலை ரயில் கூரை மேலேயே ஆடப்பட்டது. 2002-ல் பி.பி.சி. உலக நேயர்களிடம் வாக்கெடுத்துப் பத்துப் பாட்டு அறிவித்தது. இதன் இந்தி வடிவமான 'சைய்ய சைய்யா' ஒன்பதாவது. குயீன் ராக் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' பத்தாவது. ரஹ்மான் கட்சி கொண்டாடி முடிப்பதற்குள் டெஸ்பாட்ச் செக்‌ஷன் நிதானமாகச் சொன்னது: "நாலாவது யாருன்னு பாருங்க தம்பி." 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு'! அன்றைக்கு நாங்கள் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிட்டோம்.

எல்லாம் சரி, சித்தப்பாவின் கேள்விக்கு இது பதிலா? இல்லை. சித்தப்பா தரப்பில் நியாயம் இருக்கிறது. மெஷின் வந்ததால் மேடை இழந்த வயலின்காரர்கள் குன்னூரில் மட்டுமா இருந்தார்கள்?

என்னிடம் இரண்டே சாட்சிகள். ஒன்று, ரஹ்மான் கேசட் அட்டையில் வாசித்தவர்கள் பெயரையும் அச்சடித்தார்கள். 'பம்பாய்' தீம் புல்லாங்குழல் நவீன்குமார் என்று ஊருக்கே தெரிந்தது அப்படித்தான். சித்தப்பா அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "பேர் போட்டிருக்கான்" என்றார். அவர் பன்னிரண்டு வருஷம் வாசித்த குழுவின் நோட்டீஸில் ஒரு தடவை கூட அவர் பெயர் வந்ததில்லை.

இரண்டாவது, 2008-ல் சென்னையில் அவர் ஆரம்பித்த கே.எம். இசைக் கல்லூரி. ஆஸ்கர் இரண்டு வந்தது அதற்கடுத்த வருஷம்தான். அந்தக் கல்லூரியின் 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா'வில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இலவசமாக வயலினும் செல்லோவும் கற்கிறார்கள். கீபோர்டோடு வளர்ந்த மனிதர், கடைசியில் குழந்தைகள் கையில் வயலினைக் கொடுத்திருக்கிறார்.

டி.வி.யில் அந்தப் பிள்ளைகள் வாசித்தபோது சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே பார்த்தார். முழுசாகப் பார்த்தார்.

"வில்லு பிடிக்கிறது பரவாயில்லை" என்றார்.

சித்தப்பா அகராதியில் அதுதான் சார் ஆஸ்கர்!