41 வீதம்

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமலிருந்த காலம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். ஆறு வருடங்களாக மேசையில் வயர் மாட்டியபடியே கிடந்த என் லெப்டொப்பின் பெற்றரிக் கணக்கு பொய்யென்பது அந்த நாட்களில்தான் வெளியே வந்தது. திரையின் மூலையில் 41 வீதம் என்று நிற்கும். அடுத்த நொடி திரை இருண்டுவிடும். 'பெற்றரி குறைகிறது' என்ற எச்சரிக்கைகூட வராது. வயரை மாட்டி மீண்டும் உயிர்ப்பித்தால், எதுவும் நடவாதது போல அதே 41 இலிருந்து ஏறத் தொடங்கும்.

கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியதும் இதை மறந்திருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்து மூத்தம்மாமாரிடம் எஞ்சியிருக்கும் நாட்டார் கவிகளைப் பதிந்துகொள்ளும் ஒரு வேலையை நான் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பாடுவது முற்றத்து மாமர நிழலில். அங்கே பிளக் ஏது? கைபேசியில் பதியலாமே என்பீர்கள். என்னிடமுள்ள நல்ல ஒலிவாங்கி லெப்டொப்பில்தான் பொருந்தும். தவிரவும், பாடிய அடியை அங்கேயே தட்டச்சிட்டு, வாசித்துக் காட்டி, சொல் சரிதானா என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

எண்பது தாண்டிய ஒரு மூத்தம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார். ஒருநாள் அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே 41 இல் பெட்டி அணைந்தது. அது தெரியாமல் இன்னும் இரண்டு கவி பாடி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"என்ன மகன், பொட்டி மௌத்தாப் போச்சா?"

அதுவரை பாடியதை ஒலிப்பதிவு மென்பொருள் பிறகு மீட்டுத் தந்தது. அணைந்தபின் பாடிய இரண்டில் ஒன்றைக் கையால் எழுதிக்கொண்டேன். மற்றதைத் திரும்பக் கேட்டபோது, "இப்ப வாயில வரல்ல மகன்" என்றார். பிறகும் பல தடவை போயிருக்கிறேன். அது வரவேயில்லை.

ரவுணில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த தம்பி திரையைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "லினக்ஸ்தான் சேர் இதுக்குக் காரணம். வின்டோஸ் போட்டுத் தாறன், சரியாயிரும்." அவரை நான் குறை சொல்லவில்லை. பத்துப் பேரில் ஒருவரும் பாவிக்காத ஒன்றின்மேல் சந்தேகம் விழுவது இயல்பு. ஆனாலும் தீர்ப்புக்கு முன் சாட்சியை விசாரிக்க வேண்டுமல்லவா?

லினக்ஸில் அந்தச் சாட்சியை விசாரிப்பது சுலபம். பெற்றரி பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் அது 'சிஸ்' என்ற அடைவினுள், 'கிளாஸ்', 'பவர் சப்ளை' என்று உள்ளே போனால், சிறு சிறு கோப்புகளாகத் திறந்தே வைத்திருக்கிறது. 'எனர்ஜி நவ்' என்பது இப்போது இருப்பது. 'எனர்ஜி ஃபுல்' நிரம்பினால் இருக்கக்கூடியது. 'எனர்ஜி ஃபுல் டிசைன்' தொழிற்சாலையில் பிறந்தபோது இருந்தது. அலகு மைக்ரோ வாற்று-மணி. (சில கணினிகளில் எனர்ஜிக்குப் பதிலாக 'சார்ஜ்' என்றிருக்கும். அப்போது மைக்ரோ அம்பியர்-மணி.) முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினேன். திரையின் மூலையில் நின்ற அதே எண் வந்தது. ஆக, மூலையிலுள்ள படமும் பொய் சொல்லவில்லை, லினக்ஸும் பொய் சொல்லவில்லை. பெற்றரி சொன்னதை அவை அப்படியே ஒப்புவிக்கின்றன. வின்டோஸ் போட்டிருந்தால் அதே 41ஐ அழகான வேறொரு படத்தில் பார்த்திருப்பேன்.

பெற்றரிக்கு வாயுண்டு. அதனுள்ளே கலங்களோடு ஒரு சில்லும் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வரும் மின்னோட்டத்தையும் வெளியே போவதையும் நொடிக்கு நொடி அளந்து, கூட்டிக் கழித்து வைத்திருப்பது அதன் வேலை. மிச்சமிருக்கும் மின்னைத் தண்ணீர் போல நேரே அளக்க முடியாது. ஆகவே வீதம் என்பது கணக்குத்தான். நெற்களஞ்சியக் காவற்காரன் வந்த மூடையையும் போன மூடையையும் கொப்பியில் எழுதுகிறான். ஆறு வருடமாகக் கதவைத் திறந்து உள்ளே பார்க்கவில்லை. எலி தின்றது கொப்பியில் ஏறவில்லை. எப்போதும் வயரிலேயே கிடந்த என் பெற்றரிக்கு நடந்தது அதுவே. முழுதாக நிரம்பி முழுதாக வடியும் ஒரு பயணத்தில்தான் சில்லு தன் 'முழு' அளவைத் திருத்திக்கொள்ளும். அந்தப் பயணமே நடக்கவில்லை.

என் கொப்பியில் பிறந்தபோது 45 வாற்று-மணி, இன்று 43 என்றிருந்தது. ஆறு வருடச் சூட்டிலும் எப்போதும் நிரம்பியே கிடந்ததிலும் இரண்டுதான் குறைந்ததாம். இலிதியம்-அயன் கலங்களுக்குச் சூடும் நிரம்பிய நிலையும்தான் எதிரிகள் என்பதை அறிந்தவர் யாரும் இதை நம்பமாட்டார்.

நிமிடத்துக்கொரு தடவை நேரத்தையும் வீதத்தையும் வோல்ற்றளவையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும் நான்கு வரிக் கட்டளையொன்றை எழுதி ஓடவிட்டேன். வோல்ற்றளவு கணக்கல்ல, நேரடி அளவு. என் பெற்றரியில் மூன்று கலங்கள் தொடரில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நிரம்பினால் 4.2 வோல்ற்று, தீரும்போது ஏறக்குறைய 3. ஆகவே 12.6 இலிருந்து 9 வரைதான் பயணம். 2 மணி 50 நிமிடத்தில் பெட்டி அணைந்தது. கோப்பின் கடைசி வரிகளைப் பார்த்தேன். வீதம் 43, 42, 41 என்று நிதானமாக இறங்க, பக்கத்தில் வோல்ற்றளவு 10.1, 9.6, 9.2 என்று கிணற்றில் விழுந்திருந்தது. ஏ.எல். வகுப்பில் படித்த அகத்தடை நினைவுக்கு வந்தது. முதிர்ந்த கலத்தின் அகத்தடை கூடிவிட, பாரத்தின் கீழ் வோல்ற்றளவு சரிகிறது. கணினி சராசரியாக 9 வாற்று இழுத்தது. பெருக்கிப் பார்த்தால் பெற்றரி தந்தது 25 வாற்று-மணி சொச்சம். காணாமற்போன நெல் இதுதான்.

பரிகாரம் பழையது. நிரப்பி, ஓரிரு மணித்தியாலம் ஆறவிட்டு, இடையில் செருகாமல் அணையும்வரை வடியவிட்டு, மறுபடி ஒரே மூச்சில் நிரப்புவது. முதல் தடவை 'எனர்ஜி ஃபுல்' அசையவேயில்லை. பாரம் அதிகமானால் வோல்ற்றளவு சடுதியாக விழும். அப்படி விழுந்ததை உண்மையான வெறுமையாக எடுத்துக்கொள்ளாத சில்லுகள் உண்டு. இரண்டாம் தடவை வைபையை நிறுத்தி, திரையை மங்கலாக்கி, ஒன்றும் செய்யாமல் ஓர் இரவு விட்டேன். மெதுவாக வடிந்தது. காலையில் நிரப்பிப் பார்த்தபோது 43 இருந்த இடத்தில் 25.6 இருந்தது. பெற்றரியின் ஆரோக்கியம் 95 வீதத்திலிருந்து 57 ஆக ஒரே இரவில் விழுந்ததைக் கண்டு வீட்டில் சிரித்தார்கள். வைத்தியம் பார்த்து நோயாளி மெலிந்த கதை! (பெற்றரி வீங்கியிருந்தால் இந்த வைத்தியம் கூடாது. கழற்றிவிடுவதே புத்தி.)

ஒரு சொட்டு மின்னும் இதனால் கூடவில்லை. முற்றத்தில் எனக்குக் கிடைப்பது அதே மூன்று மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரந்தான். ஆனால் இப்போது எச்சரிக்கை வருகிறது. வீதத்தை முழுதாக நம்ப மனம் வராததால், வோல்ற்றளவு 10.3க்குக் கீழே போனதும் மணியடிக்கும் சிறு கட்டளையொன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் வயரில் இருக்கும்போது 80 வீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தவும் என் கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது. அதையும் இட்டுவிட்டேன். அதனால் மூன்று மாதத்துக்கொரு முறை அந்த இரவு வைத்தியத்தைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.

கடைத் தம்பியிடம் அந்த வோல்ற்றளவு அட்டவணையைக் காட்டினேன். கடைசி மூன்று வரியை விரலால் தடவிக்கொண்டே நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், வின்டோஸ் போட்டும் திரும்பி வந்திருந்த இரண்டு லெப்டொப்புகளைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்.

"அந்த நாலு வரியையும் எனக்கு எழுதித் தாங்க சேர்."