கிருமி இல்லை என்ற தாள்

எங்கள் தாயாரின் அலமாரியில் 11 சோதனைத் தாள்கள் இருந்தன. அனைத்திலும் ஒரே வாசகம்: சிறுநீரில் கிருமி வளரவில்லை. ஒவ்வொரு தாள் வந்தபொழுதும் பிள்ளைகளாகிய நாங்கள் மகிழ்ந்தோம். அம்மா மட்டும் வாடிப்போனார்கள்.

கிருமி இல்லையெனில் நோவு ஏது? அரைமணிக்கு ஒருமுறை எழுந்து போவார்கள், இரவிலும் அப்படியே. சிறுநீர் சேரச்சேர அடிவயிறு எரியும். கழித்தபின் சற்றே தணியும். ஞாயிறு திருப்பலியில் பக்கவாசலை ஒட்டியே நிற்பார்கள். அப்பா மறைந்த துயரமே இப்படி வெளிப்படுகிறது என்று நாங்களாகவே ஒரு விளக்கம் கண்டு, அதனை அவர்களிடமும் சொன்னோம். அவர்கள் மறுக்கவில்லை. மௌனத்தை ஒப்புதலாகக் கொண்டோம். எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது.

2016-ஆம் ஆண்டில் நான்காவதாகப் பார்த்த மருத்துவர், மயக்கமருந்து கொடுத்து, சிறுநீர்ப்பைக்குள் கருவி செலுத்திப் பார்த்தார். உட்சுவரில் சிவந்த புண்கள் இருந்தன. 1915-இல் அமெரிக்க மருத்துவர் கை ஹன்னர் விவரித்தமையால் அவை ஹன்னர் புண்கள் எனப்படுகின்றன. இந்நோயாளர் எல்லாரிடமும் அவை இரா, சிலரிடமே காணப்படும்.

பின்னர் அவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். சிறுநீர்ப்பை வெறும் தோற்பை அன்று. அதன் உட்புறத்தைச் சில அடுக்குச் செல்களே காக்கின்றன. மேலடுக்கில் உள்ளவை குடைச் செல்கள். ஒவ்வொன்றும் கீழுள்ள பல செல்களைக் குடைபோல் மூடும். ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, நீர் கசியாமல் தடுக்கும். பை நிறையும்பொழுது, தம்முள் மடித்து வைத்திருக்கும் சவ்வை வெளிக்கொணர்ந்து விரிந்து கொடுக்கும். அவற்றின்மேல் சர்க்கரையும் புரதமும் கலந்த வழவழப்பான மென்பூச்சு ஒன்று உண்டு. எவ்வளவு நுண்மையான ஏற்பாடு!

இந்தப் பூச்சு நலிந்து, செல்களின் பிணைப்பும் தளர்ந்தால், சிறுநீரில் மிகுந்துள்ள பொட்டாசியம் உள்ளே கசிந்து நரம்பு நுனிகளைத் தூண்டும் என்பது வல்லுநர் பலர் கூறும் விளக்கம். புண்பட்ட உறை ஏன் ஆறுவதில்லை? 2004-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் சூசன் கே குழுவினர், இந்நோயாளரின் சிறுநீரில் அச்செல்களின் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு சிறு புரதத்துண்டை இனங்கண்டனர். அது நோயின் காரணமா விளைவா என்பது வேறு கேள்வி. கிருமியைத் தேடும் சோதனையில் இவையொன்றும் புலப்படா. அந்த 11 தாள்களும் பொய் சொல்லவில்லை; நாங்கள்தாம் அவை சொல்லாததைப் படித்துக்கொண்டோம்.

அம்மா அப்படத்தை நெடுநேரம் பார்த்தார்கள். "ஏன் பிள்ளைகளா, படம் போட்டுக் காட்டினால்தான் நம்புவீர்களோ?" என்றார்கள். எவராலும் வாய்திறக்க இயலவில்லை.

புண்களைச் சுட்டு ஆற்றினர். மனச்சோர்வுக்கு வழங்கும் அமிட்ரிப்டிலின் மாத்திரையும் சிறு அளவில் தந்தனர். அது நரம்பின் நோவையும் தணிக்கும் என்று மருத்துவர் விளக்கிய பின்னரே அம்மா அதைத் தொட்டார்கள். அந்தத் தயக்கத்திற்கும் நாங்களே காரணர். நோய் முற்றும் நீங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் சுட வேண்டியிருக்கிறது. எனினும் இரண்டு மணிநேரம் அமர்ந்திருக்க முடிகிறது. புளியும் தக்காளியும் எரிச்சலைக் கிளப்புவதால் விட்டுவிட்டார்கள். எங்களுக்கு மீன்குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு, தாம் பருப்புச் சோறு உண்கிறார்கள்.