எங்கள் சைக்கிள் பிரயாண ஆயத்தம்

பிரயாணம் செய்வதில் ஓர் இன்பம் உண்டு. அதற்கு ஆயத்தம் செய்வதில் அதனினும் பெரிய இன்பம் உண்டு என்று பலர் கூறுவர். அக்கூற்று முழுதும் மெய்யென்றே சென்ற ஆண்டு வரை யானும் எண்ணியிருந்தேன். ஆயின், ஆயத்தத்தில் இன்பம் மட்டுமன்றி நாணமும் உண்டு; அந்நாணத்தைக் கடந்த பின்னரே பிரயாணம் உண்மையில் தொடங்குகின்றது என்பதை, எங்கள் ஊர் மலையைச் சைக்கிளில் சுற்றிவரத் திட்டமிட்ட இரண்டு திங்களில் அறிந்துகொண்டேன். அவ்வநுபவத்தை நம் கல்லூரி மலரின் வாசகர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

எனது ஊர் ராசிங்காபுரம். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் உள்ளது. ஊரில் நின்று மேற்கே நோக்கினால், மதில் எழுப்பினாற்போல் மலை நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையெல்லாம் அப்புறத்தே பொழிந்துவிட்டு, எங்கள் பக்கம் வெறுங்காற்றாய் இறங்கும். ஆகவே அப்புறம் ஏலக்காடு. இப்புறம் மானாவாரிப் புஞ்சை. அங்கே விளையும் ஏலக்காய் இங்கே போடியில் ஏலம் விடப்படுகின்றது. அங்கே வேலைக்கு ஆள் இங்கிருந்து போகின்றது. மலை எங்களைப் பிரிக்கவில்லை, பிழைப்பால் பிணைத்திருக்கின்றது.

எங்கள் குழுவில் நால்வர். திண்டுக்கல் நண்பர் பௌதிகம் பயில்பவர். நாகர்கோவில் நண்பர் தாவர நூல் மாணவர். மதுரை நண்பர் பொருளாதாரம் கற்பவர். யான் வரலாற்று மாணவன். நால்வர்க்கும் சைக்கிளின்மேல் ஒரே பித்து. சென்ற ஐப்பசித் திங்களில் ஒருநாள் மாலை, விடுதி முற்றத்து வேப்பமரத்தடியில் கூடியபொழுது, கிறிஸ்துமஸ் விடுமுறையில் மலைப் பிரயாணம் செய்வதென்று முடிவு செய்தோம். தார்ச்சாலையில் செல்வது எவர்க்கும் கைகூடும். வண்டித்தடமும் மண்பாதையும் பற்றிச் செல்வதே ஆண்மை என்றார் திண்டுக்கல் நண்பர். புறப்படும் இடம் என் ஊர் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை.

இங்கே ஒரு செய்தியை ஒளியாமல் சொல்ல வேண்டும். முதலாண்டில் சேர்ந்த புதிதில், "உன் வீட்டார்க்கு என்ன தொழில்?" என்று நண்பர் வினவியபொழுது, "ஏலக்காய்" என்று ஒரே சொல்லில் விடையிறுத்தேன். அவர்கள் அதனைத் தோட்டம் என்று கொண்டனர். யான் திருத்தவில்லை. திருத்தாத சொல் நாளடைவில் பொய்யாகவே முதிர்ந்துவிடும் என்பது அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை.

நிற்க. முதலில் நாங்கள் வகுத்த வழி போடியிலிருந்து கொட்டகுடி, குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷன் ஏறுவது. வரலாற்று மாணவனாகிய யானே அதனை முன்மொழிந்தேன். மூணாற்றுத் தேயிலையைக் கீழே கொணர, 1902ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் காளைகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி அமைந்தது. 1908இல் அது சிறிய இருப்புப்பாதையாயிற்று. அப்பாதை முடியும் மலைவிளிம்பே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கும். பின்னர் வண்டியில் போடியை அடையும். 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்துவிட்டது. மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்ததோ 1928இல்தான். இவற்றையெல்லாம் யான் சொல்லக் கேட்டு நண்பர்கள் மகிழ்ந்தனர்.

ஆனால் தாவர நூல் நண்பர் மெல்ல ஒரு வினா எழுப்பினார்: "2018இல் தீப்பிடித்தது அந்த மலைதானே?" எங்கள் பேச்சு அடங்கியது. அவ்வாண்டு மார்ச்சு 11ஆம் நாள், கொழுக்குமலையினின்று குரங்கணி நோக்கி இறங்கிய இரு குழுவினர் காட்டுத்தீயில் அகப்பட்டனர். 23 பேர் உயிர் நீத்தனர். யான் அப்பொழுது பள்ளிச் சிறுவன். மலைமேல் ஹெலிகாப்டர்கள் வட்டமிட்டதும், குரங்கணி மக்கள் இரவெல்லாம் ஏறிக் காயமுற்றோரைச் சுமந்து இறக்கியதும் எங்கள் ஊரில் பல நாள் பேச்சாக இருந்தன. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகம் மிகுதி. கீழே எரியும் சுடர் மேலுள்ள காய்ந்த புல்லை முன்னரே சூடாக்கிப் பற்றுவதற்கு ஆயத்தமாக்கி விடுகின்றது என்று பௌதிக நண்பர் விளக்கினார். மாசி, பங்குனியில் அப்புல் உலர்ந்து கிடக்கும். நாங்கள் செல்வது மார்கழியே எனினும், அத்துயரத்தின் பின் வனத்துறையின் அனுமதியின்றி அக்காட்டுப்பாதையில் எவரும் செல்லலாகாது. சைக்கிளை உருட்டிச் செல்வதற்கு அது வழியும் அன்று. அத்திட்டத்தைக் கைவிட்டோம்.

இரண்டாவது வழி தேவாரத்துக்கு மேலுள்ள சாக்குலூத்து மெட்டு. முற்காலத்தில் எங்கள் பக்கத்து மக்கள் தலைச்சுமையோடு ஏலக்காட்டுக்கு நடந்த ஒற்றையடிப்பாதை அது. அங்கே சாலை வேண்டுமென்பது இப்பகுதி உழவர், தொழிலாளரின் நெடுங்கால வேண்டுகோள். ஆயினும் அதுவும் காட்டின் ஊடே செல்வது. சட்டம் அதற்கும் ஒன்றே. "நம் மூதாதையர் நடந்த வழியில் நாம் செல்லத் தடையா?" என்று மதுரை நண்பர் சினந்தார். "அவர்கள் பிழைப்புக்கு நடந்தார்கள், நாம் விளையாட்டுக்குச் செல்கின்றோம்" என்று தாவர நூல் நண்பர் அமைதியாகச் சொன்னார். அச்சொல் என் உள்ளத்தில் தைத்தது. அதன் காரணத்தை அவர் அறியார்.

மூன்றாவதாக ஒரு வட்டவழியை வகுத்தோம். ராசிங்காபுரத்தினின்று போடி, முந்தல் வழியாகப் பதினேழு கொண்டையூசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு. அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம். பின்னர்க் கம்பமெட்டு வழியாகக் கம்பம் இறங்கி, உத்தமபாளையம், தேவாரம் கடந்து மீண்டும் ராசிங்காபுரம். மொத்தம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர், மூன்று நாட்பயணம். மலைமேல் இயன்ற இடங்களில் சாலையை விட்டு விலகி, தோட்டத்தார் இசைவு பெற்று, ஜீப்புத் தடங்களில் செல்வது. இதில் எவர்க்கும் மறுப்பில்லை. பௌதிக நண்பர் ஒரு தாளில் ஆயத்தப் பொருள்களை எழுதத் தொடங்கினார். அப்பொழுது மதுரை நண்பர், "முதல் இரவு உங்கள் எஸ்டேட்டிலேயே தங்கிவிடலாம், செலவும் மிச்சம்" என்றார்.

யான் தலையசைத்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை ஊருக்குச் சென்றேன். எங்களுக்குத் தோட்டம் இல்லை. என் தாய் ஏலத்தோட்டத்துக் கூலி வேலைக்குச் செல்பவள். விடியுமுன் ஊருக்குள் ஜீப்பு வரும், பெண்கள் நெருக்கி ஏறிப் போடிமெட்டு கடந்து செல்வர், மாலையில் திரும்புவர். ஏலச்செடியின் காய் உச்சியில் காய்ப்பதன்று; செடியின் அடித்தூரிலிருந்து புறப்பட்டு மண்ணோடு படரும் சரங்களில் காய்ப்பது. ஆகவே பகல் முழுதும் குனிந்தோ குந்தியோதான் பறிக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ ஏலக்காய். அந்தக் கூலியில்தான் யான் கல்லூரிச் சம்பளம் கட்டினேன்.

இரவு உணவின்பின் எங்கள் திட்டத்தை அம்மாவிடம் சொன்னேன். எஸ்டேட்டு என்னும் பேச்சை மட்டும் விழுங்கிவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ வழியை ஒவ்வொரு வளைவாகக் கேட்டாள்.

"விடியக்காலம் வளைவுல ஏறாதீங்க தம்பி. அந்த நேரத்துலதான் எங்க ஜீப்பு எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வரும். நேரம் ஆச்சுன்னு வேகமாத்தான் ஓட்டுவாங்க. சைக்கிள்ல மணி இருக்கா?"

இல்லை என்றேன். எங்கள் வண்டிகளில் மூன்றில் மணி கிடையாது. அழகுக்குறை என்று கழற்றியிருந்தோம்.

"முதல்ல மணியை மாட்டுங்க. ஏழரை மணிக்கு மேல ஏறுங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல ரோட்டுல நிக்காதீங்க. நாங்க இறங்குற நேரம். பூப்பாறைப் பக்கம் இருட்டுனா ஆனை வரும். காட்டுக்குள்ள அட்டை ஏறும்; உப்பும் புகையிலையும் துணியில முடிஞ்சு வச்சுக்கங்க."

இவற்றுள் ஒன்றேனும் எங்கள் தாளில் இல்லை. நால்வர் இரண்டு வாரம் நூலும் வரைபடமும் ஆராய்ந்து அறியாதவற்றை, அந்த வழியே நாள்தோறும் சென்று மீளும் ஒருத்தி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டாள். பின்னர் அவள், "ராத்திரி எங்க தங்குவீங்க?" என்று கேட்டாள். அதற்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை. என் முகத்தை நோக்கியவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேளாதிருந்ததே எனக்குப் பெரிய கேள்வியாயிற்று.

திங்களன்று வேப்பமரத்தடியில் நண்பர்களிடம் உண்மையைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நா வறண்டுவிட்டது. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. திண்டுக்கல் நண்பர் ஆயத்தத் தாளை எடுத்து, 'எஸ்டேட்டில் தங்குதல்' என்ற வரியை அடித்துவிட்டு, "அம்மா வேறு என்ன சொன்னார்கள்? ஒன்றுவிடாமல் சொல்" என்று எழுதுகோலோடு அமர்ந்தார். மதுரை நண்பர் மட்டும், "இரண்டு வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டாயே" என்று வருந்தினார். அவ்வருத்தம் நியாயமானது. அதனை ஏற்றுக்கொண்டேன்.

அதன்பின் எங்கள் திட்டம் வேறு முறையில் வளர்ந்தது. அதன் முக்கியமான விதிகளை, இத்தகைய பிரயாணம் விரும்பும் மாணவர்க்குப் பயன்படும் என்றெண்ணி ஈண்டுத் தருகின்றேன். குழுவில் மெதுவாக ஏறுபவர் முன்னே செல்ல வேண்டும். வல்லவர் பின்னே வர வேண்டும். அவ்வாறாயின் எவரும் தனியே பின்தங்கார். எங்களுள் அவர் நாகர்கோவில் நண்பர். ஆகவே அவரே எங்கள் முன்னோடி. கியர் இல்லாத வண்டியுடையோர் செங்குத்தான இடங்களில் இறங்கி உருட்டுவதற்கு நாணலாகாது. கம்பமெட்டு இறக்கத்தில் ஒரே பிரேக்கை இடைவிடாது அழுத்தலாகாது; சக்கர விளிம்பு சூடேறும். முன்னும் பின்னும் மாற்றிப் பிடித்து, இடையிடையே நின்று ஆறவிட வேண்டும். மண்தடத்தில் சக்கரத்துக் காற்றைச் சிறிது குறைத்தால் பிடிப்பு மிகும். தார்ச்சாலை ஏறியதும் மீண்டும் அடிக்க ஒரு பம்பு வேண்டும். பஞ்சர் ஒட்டும் பொருள்கள், மாற்று டியூப், சங்கிலிக் கண்ணி ஆகியவை குழுவுக்குப் பொது, குடிநீர் அவரவர்க்கு. எல்லாவற்றிற்கும் மேலாக, நால்வர்க்கும் நான்கு மணி.

தங்குமிடமும் கிடைத்தது. மேலே காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறை காலியாக இருந்தது. அம்மா தோட்டத்து மேற்பார்வையாளரிடம் கேட்டு ஓர் இரவுக்கு இசைவு பெற்றாள். அவளுக்கு இருந்த செல்வாக்கெல்லாம் பல ஆண்டு உழைப்பினால் வந்த நன்மதிப்பு ஒன்றே.

புறப்படுவதற்கு முந்தின நாள் இரவு நண்பர்கள் மூவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தனர். விடியுமுன் ஜீப்பின் ஓசை கேட்டு எழுந்தோம். அம்மா தூக்குச்சட்டியோடு ஏறி, பெண்களிடையே ஒடுங்கி அமர்ந்தாள். "மேலே பார்ப்போம் அம்மா" என்றார் மதுரை நண்பர். "பைய வாங்க தம்பி" என்றாள். விளக்கொளி சாலைத் திருப்பத்தில் மறையும்வரை நால்வரும் நின்றோம்.

இனி எங்களுக்கு இரண்டு மணி நேரம் காத்திருத்தலே வேலை. மலைமேல் வெளிச்சம் படர்ந்தது. அம்மலையை யான் பிறந்தநாள் தொட்டுப் பார்த்து வருகின்றேன். எனினும் அன்றுதான் அதனை நேர்கொண்டு நோக்கினேன். இதுகாறும் அதன் அப்புறத்தில் யான் ஒளித்து வைத்திருந்த ஒன்று இனி அங்கே இல்லை. ஏழரை மணி ஆயிற்று. நாகர்கோவில் நண்பர் முன்னே சென்று மணியை அடித்தார், நாங்கள் பின்தொடர்ந்தோம்.