கம்பாகாவுக்குப் பேருந்துக் கட்டணம் யார் தருவது?

அக்ரா, கானா



இந்த வாரம் இங்கே ஒரு பெரிய விடுதியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போயிருந்தேன். நாட்டின் வடக்கே, சூனியக்காரி என்று பழி சுமத்தி ஊரைவிட்டு விரட்டப்பட்ட பெண்களைப் பற்றிய கூட்டம். குளிரூட்டிய அரங்கம், மேசைதோறும் தண்ணீர் பாட்டில், விஷயம் தெரிந்த பேச்சாளர்கள். அந்தப் பெண்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. முடிந்ததும் வாசல் மேசை முன்னால் நிருபர்கள் வரிசையில் நின்றார்கள். என்னோடு வந்த வானொலி நிருபரும் நின்றார். ஆளுக்கொரு பணக் கவர்.

கவர் என்றால் நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டாம். தென்காசிப் பக்கம் பகுதி நேர நிருபராக இருந்தபோதே எனக்கு அது தெரியும். இங்கே அது நடக்கும் முறையைத்தான் சொல்ல வேண்டும். உள்ளே நுழையும்போதே ஒரு தாள் நீட்டுகிறார்கள். பெயர், நிறுவனம், கைபேசி எண், கையெழுத்து. வருகைப் பதிவு என்று நினைத்தேன். அதுவேதான் பட்டுவாடாப் பட்டியலும். ஒளிப்பதிவாளருக்குத் தனிக் கவர். ‘சாலிடாரிட்டி’ என்பதைச் சுருக்கி ‘சோலி’ என்கிறார்கள். போக்குவரத்துச் செலவு என்றும் சொல்வதுண்டு. பட்டியலில் பெயர் விட்டுப்போனால் சத்தமாகவே கேட்டு வாங்கலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. லஞ்சமோ வேறு எந்தத் தூண்டுதலோ பெறக்கூடாது என்று கானா பத்திரிகையாளர் சங்கத்தின் நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. அதே ஊரில்தான் இதுவும் நடக்கிறது. நம்மூரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அந்த நிருபர்மீது அல்ல. சாயங்காலம் தெருவோரக் கடையில் கெங்கேயும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டே அவர் கணக்கைச் சொன்னார். (புளித்த மக்காச்சோள மாவில் செய்வது கெங்கே. அந்தப் புளிப்பு வாசம் மூக்கில் ஏறினாலே அம்மாவின் பழைய சோற்றுச் சட்டி நினைவு வந்து தொண்டை அடைக்கிறது. நான் வசிக்கும் டொராண்டோவில் இத்தனை காலம் இருந்தும் இப்படி அடைத்ததில்லை.) சம்பளம் வீட்டு வாடகைக்கே போதாது, அதுவும் சில மாதம் தள்ளித்தான் வரும். நிலையத்தின் வண்டி அழைப்பு வந்த இடத்துக்குத்தான் போகும், பெட்ரோல் செலவை அழைத்தவர் பார்த்துக்கொள்வார் என்பதால். அழைப்பிதழ் அச்சடிக்க முடியாதவருக்கு நிருபர் கிடையாது. வடக்கிலிருந்து பிழைக்க வந்து அக்ராவின் மகோலா சந்தையில் அலுமினியத் தாம்பாளத்தில் சுமை தூக்கும் கயாயேய் பெண்பிள்ளைகள் எந்த விடுதியில் கூட்டம் போடுவார்கள்?

கானாப் பத்திரிகையாளருக்கு ஆபத்து என்றால் வெளியுலகம் 2019 ஜனவரியில் அக்ராவின் மதினா பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் அகமது உசேன் சுவாலேயை நினைக்கும். நினைக்க வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலான மனித உரிமைச் செய்திகள் இங்கே துப்பாக்கியால் சாவதில்லை, பயணப்படி இல்லாமல் சாகின்றன.

கம்பாகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். விரட்டப்பட்ட பெண்கள் தங்கும் முகாம் உள்ள ஊர் அது. வடகிழக்கில், தமாலே நகரத்தையும் தாண்டி இருக்கிறது. அக்ராவிலிருந்து தமாலேக்குப் போகவே பேருந்தில் ஓர் இரவு ஆகும். பழிக்கு ஆளான பெண்ணை அங்கே ஊர்த்தலைவர் முன் நிறுத்திக் கோழியை அறுத்து வீசுவார்கள். மல்லாந்து செத்தால் அவள் நிரபராதி, குப்புற விழுந்தால் சூனியக்காரி. அதன் பிறகு அவள் வாழ்க்கை அந்த முகாம் குடிசையில்தான். பெரும்பாலும் வயதானவர்கள், விதவைகள். 2020 ஜூலையில் காஃபாபா என்ற ஊரில் 90 வயது அக்குவா டென்டேயை இதே பழி சொல்லிப் பட்டப்பகலில் அடித்தே கொன்றார்கள். காணொளி நாடெங்கும் பரவியது. 2023 இல் இப்படிப் பழி சுமத்துவதையே குற்றமாக்கி நாடாளுமன்றம் மசோதா நிறைவேற்றியது. அப்போதைய அதிபர் நானா அகுஃபோ அடோ கையெழுத்திடவில்லை. இந்தப் பெண்களின் செய்தியை அக்ரா விடுதியில் உட்கார்ந்து, கவர் வாங்கிக்கொண்டு எழுதுவது சரியே அல்ல, நேரில் போக வேண்டும்.

தென்காசிப் பக்கம் சொந்த டிவிஎஸ் 50இல், சொந்தப் பெட்ரோலில், சாதிக் கலவரம் நடந்த தெருவுக்கு விடியுமுன் போய் நின்ற மூத்த நிருபர்களை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. சட்டங்களை ஒப்பிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1997லேயே கொண்டுவந்தது. இந்தியாவிலேயே முதல் மாநிலம். கானாவுக்கு அது 2019 இல்தான் வந்தது. இங்கே 14 நாளில் பதில் தர வேண்டும். நாம் 10 ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி 30 நாள் காத்திருப்போம். அவதூறுக்குச் சிறை என்பதையும் இவர்கள் 2001லேயே ஒழித்துவிட்டார்கள். நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஆக, இங்கே குறை சட்டத்தில் இல்லை, பயணப்படியில்தான்.

உள்ளூர் நிருபர்களுக்கு மனித உரிமைச் செய்திகளில் துணை நிற்கத்தான் கனடிய அமைப்பு ஒன்று என்னை இங்கே பயிற்சிப் பணிக்கு அனுப்பியிருக்கிறது. எங்களைப் போன்ற அமைப்புகள் பயிலரங்கம் நடத்தும், வந்தவர்களுக்குப் படி கொடுக்கும். ஆனால் செய்தி சேகரிக்கப் பேருந்துக் கட்டணம் கேட்டால், அது செய்தியில் தலையிடுவதாகும் என்று தயங்கும். இது தலைகீழ். நிருபர் அறியாமையால் கம்பாகா போகாமல் இல்லை. என்னைவிட அவருக்குச் சட்டமும் அந்த ஊரும் நன்றாகத் தெரியும்.

அந்த வானொலி நிருபர் கம்பாகா போக முடிவு செய்துவிட்டார். செய்தி ஆசிரியர் விடுப்பு தருகிறேன் என்றார், பணியாக அனுப்ப மாட்டாராம். விடுப்பில் போய் அங்கே ஏதாவது நேர்ந்தால் நிலையம் பொறுப்பேற்காது. அதனால் பணி ஆணையை எழுத்தில் கேட்டிருக்கிறோம். பயிலரங்கச் சாப்பாட்டுச் செலவைக் குறைத்து, பேருந்துக்கும் மொழிபெயர்ப்பவர் கூலிக்கும் பணம் தரச் சொல்லி நானும் என் அமைப்புக்கு எழுதியிருக்கிறேன். கம்பாகாவில் பேசும் மம்ப்ருலி அவருக்குத் தெரியாது. மொழிபெயர்க்க வருபவர் ஊர்த்தலைவரின் ஆளாக இருக்கக் கூடாது, முடிந்தால் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறார். தமாலேயில் தெரிந்தவர்களிடமெல்லாம் அதற்காகத்தான் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.