மூச்சை அடக்காதீர்கள்

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போன ஸ்கேனில், தேடாத ஒன்று அகப்பட்டது. இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்க்கு அயோர்ட்டா என்று பெயர். வயிற்றுப் பகுதியில் அது சுமார் 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். 3 சென்டிமீட்டர் ஆகிவிட்டால் வீக்கம் என்கிறார்கள். எனக்கு 4.1. ஆண்களுக்கு 5.5 வரும்போதுதான் பெரும்பாலும் ஆபரேஷன் பேச்சு வருமாம். அதுவரை பிரஷரைக் கட்டுக்குள் வைத்து, ஆண்டுக்கொரு ஸ்கேன் எடுக்க வேண்டும்.

"இனிமேல் அசையாமல் உட்காருங்கள்" என்று வீட்டில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். வலையபட்டியில் விசாரிக்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1970 நவம்பர் 9ஆம் தேதி ஜெனரல் தெ கோல் இறந்தார். செய்தி வந்தபோது எங்கள் தெருவில் பென்ஷன் வாங்கும் பழைய சொல்தாக்கள் கண்கலங்கி நின்றது நினைவிருக்கிறது. 80 வயது நிறைய அவருக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. இதே குழாய்தான் வெடித்தது. அப்போது அவர் மலையேறவும் இல்லை, பளு தூக்கவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். உட்கார்ந்தே இருப்பது ஒன்றும் காப்பு இல்லை.

லாப்லாஸ் என்ற பிரெஞ்சு கணித மேதையின் பெயரால் ஒரு விதி உண்டு. குழாய் அகலமாக ஆக, உள்ளே அழுத்தம் கூடக் கூட, அதன் சுவரை இழுக்கும் விசையும் கூடும். அகலத்தைக் குறைப்பது நம் கையில் இல்லை. அழுத்தம் ஓரளவு நம் கையில் இருக்கிறது. நடக்கும்போது அது மெல்ல ஏறி, மெல்ல இறங்கும். மூச்சை அடக்கி முக்கினால் ஒரே கணத்தில் எகிறிவிடும். மிகக் கனமான பளு தூக்குகிறவர்களிடம் 300ஐத் தாண்டியதை அளந்திருக்கிறார்கள். ஆக, பகை நடை அல்ல, அடக்கிய மூச்சுதான்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், சிறிய வீக்கமுள்ள முதியவர்களுக்கு மூன்றாண்டு வரை பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் வீக்கம் வேகமாக வளரவில்லை. உடம்பில் தெம்புதான் கூடியது.

டாக்டர் அனுமதியோடு நான் செய்வது இது. காலையில் ஊரணியைச் சுற்றி அரைமணி நடை. கூட வருபவரோடு ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிகிற வேகம். பேச்சு திக்கினால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். குன்றக்குடி மலைப்படி என்றால் நின்று நின்று ஏறுவேன். விட்டுவிட்டவை: நிறைகுடம், அரிசி மூட்டை, பீரோ நகர்த்துவது, தண்டால், சிரசாசனம், மூச்சை உள்ளே நிறுத்தும் பிராணாயாமம். கழிப்பறையில் முக்குவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதற்குத்தான் கீரையும் வாழைத்தண்டும். சிகரெட், பீடி, சுருட்டு இருந்தால் முதலில் அதை விட வேண்டும்.

நடிகர் ரஜினிகாந்த் என் வயதுக்காரர்தான். 2024 செப்டம்பர் 30 அன்று சென்னை அப்போலோவில் சேர்ந்தார். அவருக்கும் அயோர்ட்டாவில்தான் வீக்கம். நெஞ்சைத் திறக்காமல், குழாய் வழியாகவே ஸ்டென்ட் வைத்து அடைத்தார்கள். சில நாளில் வீடு திரும்பினார். பிறகு படப்பிடிப்புக்கும் போனார். நோய்ப் பெயரைக் கேட்டதும் உயில் எழுத உட்கார வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் வீக்கம் இருக்கும் இடமும் அளவும் ஆளுக்கு ஆள் வேறு. என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ நெஞ்சிலோ தாங்க முடியாத வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை என்றால் வாய்வு என்று சுக்குக் கஷாயம் போடாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பேரனுக்கு நாலு வயது, நல்ல கனம். "தூக்குங்க தாத்தா" என்று கையை நீட்டுவான். தூக்குவதில்லை. திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறேன்; அவனே மடியில் ஏறிக்கொள்கிறான்.