மேடைக்கு இடப்புறம்

வைகாசி. வளர்பிறை முகூர்த்தம். கும்பகோணம். விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

கல்யாண மண்டபத்து வாசலில் வேன் வந்து நிற்கிறது. முதலில் இறங்குவது தவில். உறையோடு அதை அணைத்து இறக்கி, திண்ணையில் உட்கார வைக்கிறார்கள். அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இரண்டு நீளப் பெட்டிகள், சுருதிப் பெட்டி, தண்ணீர்க் குடுவை. கடைசியில் ஒரு பையன், கையில் தாளத்தோடு. தூக்கத்தில்கூடத் தாளத்தை விடவில்லை.

வாசலில் ஃபிளெக்ஸ் வளைவு. மணமக்கள், தாய்மாமன்கள், கட்சித் தலைவர், ஒரு குழந்தை. கீழ்வரிசையில் சமையல் காண்ட்ராக்ட் நம்பர், அலங்காரம் நம்பர், போட்டோ நம்பர், செண்டை மேளம் நம்பர். நாயனக்காரர் பெயர் அதில் இல்லை. பெரியவர் நிமிர்ந்து ஒருமுறை பார்க்கிறார். வளைவின் காலடியில் செருப்பைக் கழற்றுகிறார்.

மேளக்காரர்களுக்கு ஒதுக்கிய அறையில் ஏற்கெனவே அரிசி மூட்டைகள் தங்கியிருக்கின்றன. மூட்டைகளை நகர்த்தி இடம் பண்ணுகிறார்கள். பட்டு வேட்டி, சில்க் சட்டை, விபூதி, சந்தனம். பெரியவர் கழுத்தில் சங்கிலி போடுகிறார். கொக்கி மாட்டவில்லை. பையன் மாட்டிவிடுகிறான். முலாம் பூசிய சங்கிலி, தூரத்துக்குப் போதும்.

பெட்டி திறக்கிறது. மூடியின் உட்புறம் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் படம் ஒட்டியிருக்கிறது. கிராப்புத் தலை, ஷெர்வானி. 1956-ல் போனவர். இந்தப் பெட்டியில் தினமும் முதலில் கண் விழிக்கிறவர் அவர்தான்.

நாயனம் நரசிங்கன்பேட்டையில் செய்தது. ஆச்சா மரம். ஏதோ ஒரு பழைய வீட்டில் உத்தரமாகக் கிடந்து, வீடு இடிந்தபின் கடைசலுக்கு வந்த மரம். நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ராஜரத்தினம் பிள்ளைக்காக நீட்டி, சுருதி இறக்கிச் செய்துகொடுத்த பாரி நாயனத்தின் வம்சம். 2022-ல் நரசிங்கன்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊதுகிறவருக்கு இன்று காலை இன்னும் காபி கிடைக்கவில்லை.

கயிற்றில் சீவாளிகள் கொத்தாகத் தொங்குகின்றன. பெரியவர் ஒன்றை வாயில் வைத்து நனைக்கிறார். ஊதுகிறார். தலையை ஆட்டுகிறார். இன்னொன்று. அதையும் விடுகிறார். மூன்றாவதை உதட்டில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறார். அது திருவாவடுதுறைச் சீவாளி. நாணலை வெட்டி, காயவைத்து, பதம் பண்ணி, நூல் கட்டியது. கெண்டையில் ஏற்றி, கட்டைவிரலால் அழுத்துகிறார்.

அந்தப் பக்கம் தவில்காரர் வலது கை விரல்களுக்குக் கூடு மாட்டுகிறார். துணியும் பசையும் சேர்ந்து கல்லாக இறுகிய கூடுகள். ஐந்தும் ஏறியபின் அந்தக் கையால் வேட்டியை இழுத்துக் கட்ட முடியாது, மூக்கைச் சொறிய முடியாது. இடது கையில் பூவரசங்கழி. பையன் ஸ்பேனரை நீட்டுகிறான். வலந்தலைப் பக்கத்து நட்டு அரைச் சுற்று இறுகுகிறது. தட்டுகிறார். இன்னும் கால் சுற்று.

மேடைக்கு இடப்புறம் ஜமக்காளம். எதிரே கறுப்பு ஸ்பீக்கர், ஆள் உயரம். மேடையில் இருப்பவர்களுக்கு இவர்கள் தெரிகிறார்கள். ஹாலில் இருப்பவர்களுக்குத் தவிலின் பாதி தெரிகிறது.

ஹாலில் இப்போது நாற்காலிகள் மட்டும். ஒரு அம்மாள் பெருக்கிக்கொண்டிருக்கிறார். சுருதிப் பெட்டி முனக ஆரம்பிக்கிறது. பெரியவர் பூபாளத்தில் நாலு பிடி பிடித்துவிட்டு, சுற்றிலும் பார்த்து, தோடிக்கு வருகிறார். இந்த முக்கால் மணி நேரம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

காந்தாரத்தில் நிற்கிறார். அசைக்கிறார். விடுகிறார். அதையே வேறொரு பக்கமிருந்து வந்து தொடுகிறார். கன்னம் உப்புகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. தவில் மடியில் சும்மா கிடக்கிறது. தவில்காரர் கண்ணை மூடியிருக்கிறார். கூடு மாட்டிய விரல்கள் தொடைமேல் விரிந்து கிடக்கின்றன. மேல் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு ஒரு நீளப் பிடி இறங்கி வருகிறது.

"ஆஹா," என்கிறார் தவில்காரர். "என்ன மாமா இது."

பெரியவரின் புருவம் மட்டும் பதில் சொல்கிறது. இன்றைய பாராட்டு அவ்வளவுதான்.

"ஹலோ மைக் டெஸ்ட். ஒன். டூ. த்ரீ." ஸ்பீக்கர் கத்துகிறது. நாயனம் நிற்கிறது. நாலாவது எண் வருமா என்று காத்திருக்கிறது. வரவில்லை. விட்ட ஸ்வரத்திலிருந்தே தொடர்கிறது.

மண்டபத்தை ஒட்டிய பிள்ளையார் கோயிலில் குருக்கள் சுவிட்சைப் போடுகிறார். மோட்டார் சுழல்கிறது. தகரக் கூண்டுக்குள் முரசும் மணியும் தாமாக அடித்துக்கொள்கின்றன. ஒரே காலப்பிரமாணம், ஒரே கோபம். குருக்கள் கற்பூரம் காட்டி முடித்து சுவிட்சை அணைக்கிறார்.

இரண்டாம் தவில்காரர் அந்தப் பக்கம் தலையாட்டுகிறார். "அண்ணன் அட்வான்ஸ்கூட வாங்கமாட்டாரு."

ஏழு மணி. நாற்காலிகள் நிறைகின்றன. பட்டுச் சேலைகள், ஏலக்காய் வாசனை, குழந்தைகள். பேச்சுச் சத்தம் உயர்கிறது. நாயனம் உயர்கிறது. பேச்சு இன்னும் உயர்கிறது. முன்வரிசையில் ஒருவர் போனில் பேசியபடி, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மேளத்தைப் பார்த்து மறு கையைத் தாழ்த்திக் காட்டுகிறார். தவில் தணிகிறது.

வாசலில் செண்டை. பன்னிரண்டு இளைஞர்கள், கசவு வேட்டி, வெற்று மார்பு. மாப்பிள்ளை உள்ளே வருகிறார். எல்லாச் செல்போன்களும் வாசலுக்குத் திரும்புகின்றன. பெரியவர் சீவாளியை உதட்டிலிருந்து எடுத்து, துண்டால் துடைத்து, நாயனத்தை மடியில் சாய்க்கிறார். பையன் காபி கொண்டுவருகிறான். செண்டை முடிவதற்குள் காபி முடிகிறது. இரண்டும் சரியாக இருக்கிறது.

கேமராக்காரர் ஜமக்காளத்துக்கு வருகிறார். வெளிச்சம் பிடிக்கிற பையன் பின்னால். "சார், கொஞ்சம் இந்தப் பக்கம். நாதஸ்வரத்தைத் தூக்கிப் பிடிங்க. ஊதுற மாதிரி. சத்தம் வேணாம், அப்புறம் நாங்க பாட்டுப் போட்டுக்குவோம்." பெரியவர் தூக்கிப் பிடிக்கிறார். கன்னத்தை உப்புகிறார். விரல்கள் துளைகள் மேல் ஓடுகின்றன. காற்று உள்ளேயே இருக்கிறது. "சூப்பர். இன்னொன்னு."

அடுத்து வருகிறவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. கையில் நூறு ரூபாய். "சிவாஜி வாசிப்பாரே, தில்லானா மோகனாம்பாள்ல. அந்த மாதிரி ஒண்ணு." 1968-ல் வந்த படம். சிவாஜி கன்னத்தை உப்ப, ஊதியவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். பெரியவர் பணத்தைக் கண்ணில் ஒற்றி, சட்டைப் பையில் வைத்து, "ஆகட்டுங்க" என்கிறார்.

ஒரு பாட்டு இன்னொன்றைக் கூப்பிடுகிறது. சிங்காரவேலனே வேண்டும் என்கிறார் ஒருவர். கொஞ்சும் சலங்கை, 1962, எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம். இரண்டாம் நாயனக்காரர் ஜானகியாகிறார், பெரியவர் காருகுறிச்சியாகிறார். கேட்டவர் பாதியில் பந்திக்கு எழுந்துபோகிறார். ஆபேரி போகவில்லை. பல்லவி முடிந்து, ஸ்வரம் போட்டு, தவிலுக்கு விட்டு, முறையாக ஒரு தீர்மானம் வைத்த பிறகுதான் நிற்கிறது.

ஐயர் மந்திரத்தின் வேகத்தைக் கூட்டுகிறார். ஜமக்காளத்தில் எல்லோர் முதுகும் நிமிர்கிறது. ஸ்பீக்கரின் ஓரமாகத் தலையை நீட்டி, பெரியவர் ஐயரின் வலது கையைப் பார்க்கிறார். நாயனம் மெல்ல இழைந்துகொண்டிருக்கிறது. கண் அசையவில்லை. தாலித் தட்டு சபையைச் சுற்றி வருகிறது. தொடுகிறார்கள், கும்பிடுகிறார்கள், அடுத்தவருக்கு நீட்டுகிறார்கள். அட்சதை எல்லோர் உள்ளங்கையிலும் வியர்க்கிறது.

சுட்டுவிரல் உயர்கிறது. ஆடுகிறது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

இரண்டு தவிலும் ஒரே அடியாக இறங்குகின்றன. நாயனம் இரண்டும் உச்சியில். பையன் தாளத்தை உடைத்துவிடுவதுபோல் அடிக்கிறான். தும்மல், அழுகை, ஆகாத பேச்சு எதுவும் அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்று முன்னோர் செய்த ஏற்பாடு. நாலாவது வரிசையில் ஒரு போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அதுவும் மூழ்குகிறது. அட்சதை பறக்கிறது. மணப்பெண்ணின் அம்மா வாயைத் திறந்து ஏதோ சொல்கிறார், அழுகிறார். சத்தம் எதுவும் வெளியே கேட்கவில்லை.

உள்ளங்கை தாழ்கிறது. மேளம் நிற்கிறது. முழுதாக ஒரு நிமிடம் இருக்காது. ஒப்பந்தம் அந்த நிமிடத்துக்கு.

ஹால் காலியாகி, சாப்பாட்டுக் கூடம் நிறைகிறது. மொய் மேசையில் கூட்டம். மேடையில் வரிசை. மேளம் இன்னும் ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டும். வாசிக்கிறது. வரிசையில் நிற்கிற சிறுமி ஒருத்தி ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அணசின் வட்டத்துக்குள் எட்டிப் பார்க்கிறாள். அம்மா வந்து தூக்கிப்போகிறார்.

பத்தரை மணிக்கு மங்களம்.

மஞ்சள் பை வைத்திருப்பவர் பெண்ணின் சித்தப்பா. பூக்காரருக்குக் கொடுக்கிறார். வாழைமரத்துக்குக் கொடுக்கிறார். செண்டைக்காரர்கள் நேற்றே ஜி-பேயில் வாங்கிவிட்டார்கள். பெரியவர் மூன்றடி தள்ளி, துண்டைத் தோளிலிருந்து கையில் மாற்றிக்கொண்டு நிற்கிறார்.

"சாப்டீங்களா?"

"ஆச்சுங்க."

சித்தப்பா உள்ளே போகிறார். கால் மணி கழித்து வருகிறார்.

"சாப்டீங்கள்ல?"

"ஆச்சுங்க. பாயசம் பிரமாதம்."

ஐஸ்கிரீம்காரர் வந்து கணக்குச் சொல்கிறார். அவருக்கு மூன்றடி தள்ளி நிற்கிற பழக்கம் இல்லை. வாங்கிக்கொண்டு போகிறார். பெரியவர் துண்டை மறுபடி தோளில் போடுகிறார்.

பேசியது 22,000. அட்வான்ஸ் 2,000 போக 20,000. தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு கவர். சித்தப்பா சிரிக்கிறார். "பதினெட்டு வெச்சிருக்கேன். செலவு கைமீறிப் போச்சு. நம்ம வீட்டு விசேஷம்னு நெனச்சுக்குங்க."

பெரியவர் தட்டை வாங்கவில்லை. பார்க்கிறார். வைத்த கண் வாங்காமல் தட்டிலிருக்கும் பழத்தையே பார்க்கிறார். காந்தாரத்தில் நின்ற அளவுக்கு நிற்கிறார். சித்தப்பா மஞ்சள் பைக்குள் கையை விட்டு இரண்டு ஐந்நூறுகளை வைக்கிறார். இப்போது கை நீள்கிறது.

"நல்லா இருக்கணும்ங்க புள்ளைங்க."

தேங்காய்ப் பை ஆளுக்கு ஒன்று. பையனுக்கு இரண்டு.

வேனில் கணக்கு. தவிலின் முதுகுதான் மேசை. வேனுக்கு 3,500 தனியாக. இரண்டு தவிலுக்கும் ஆளுக்கு 3,500. இரண்டாம் நாயனத்துக்கு 3,000. பையனுக்கு 1,000, அவன் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் இரண்டாம் வருடம் தவில் படிக்கிறான், இன்னும் தாளம்தான் கொடுக்கிறார்கள். மிச்சம் 4,500 பெரியவரிடம். சித்தப்பா வைத்துக்கொண்ட ஆயிரம் அந்த மிச்சத்திலிருந்துதான் போயிருக்கிறது. யாரும் அதைச் சொல்லவில்லை. அட்வான்ஸ் 2,000 போன மாதமே சீவாளியாகவும் தவில் தோலாகவும் மாறிவிட்டது.

இரண்டாம் நாயனக்காரர் சில்க் சட்டையைக் கழற்றிக் காக்கிச் சட்டை போடுகிறார். மூன்று மணியிலிருந்து ஷேர் ஆட்டோ. இரண்டாம் தவில்காரருக்குப் பாத்திரக் கடையில் அரை நாள் லீவு முடிகிறது. பெரியவருக்கு ஊர்க் கோயிலில் சாயரட்சை இருக்கிறது.

பையன் டைரியைப் புரட்டுகிறான். ஆனியில் இரண்டு தேதி. ஆடியில் கல்யாணம் இல்லை, அம்மன் கோயில் ஒன்று. ஆவணியில் நான்கு. புரட்டாசி வெள்ளைத் தாள். மார்கழி வெள்ளைத் தாள். போன வருடம் மார்கழிப் பக்கத்தில் யாரோ மளிகைக் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

போன் அடிக்கிறது. சீர்காழிப் பக்கம். ஆவணி முகூர்த்தம். பெரியவர் ஜாக்கிரதையாகப் போனை இடது காதுக்குக் கொண்டுபோகிறார். வலது காது சில வருடங்களாகச் சரியில்லை. அது தவில் பக்கத்துக் காது.

"வாசிப்போம்ங்க. சினிமாப் பாட்டும் வாசிப்போம். ஆமாங்க, காலையில மட்டும். அஞ்சு பேரு."

அந்தப் பக்கம் பேசுகிறது. நீளமாகப் பேசுகிறது. பெரியவரின் கண் தவில்காரர்கள் பக்கம் போகிறது. ஒருவர் ஒவ்வொரு விரலாகக் கூட்டைக் கழற்றி டப்பாவில் போடுகிறார். இன்னொருவர் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்துகிறார்.

"ஒரு தவில் போதும்ங்கிறீங்க. இல்லைங்க. ரெண்டு இல்லாம செட்டு இல்ல."

இடைவெளி.

"தொகையில வேணா ரெண்டாயிரம் கொறைச்சுக்கலாம்."

இரண்டு தவில்காரர்களும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள்.

"எழுது தம்பி," என்கிறார் பெரியவர். பையன் பேனாவை எடுக்கிறான். தேதி, ஊர், மண்டபம். தவில் இரண்டு.

"தொகைய மட்டும் பென்சில்ல எழுது."